கேட்டடியில் ஒரு இறால் போத்தல்

தோட்டத்துப் பெண் பஞ்சாலை முதல் தடவை பிடித்து வந்த ஓடை இறால்கள் அவள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேருமுன்னே செத்துப்போயின. ரப்பர்ப் பால் சுமக்கிற வாளியில் கொண்டுவந்தால் வேறென்ன ஆகும்? பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அமோனியா எத்தனை கழுவினாலும் தகரத்தை விட்டுப் போகாது. சின்ன வயதிலிருந்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவளுக்கு இது தெரியாததா? ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

ஆசைக்குக் காரணம் இருந்தது. அரைவிரல் நீளம்கூட இல்லாத அந்த இறாலுக்குக் கண்ணாடி உடம்பு. தின்ற பாசி உள்ளே இறங்குவது வெளியே தெரியும். உயிரோடு இருக்கும் ஒன்றின் வயிற்றுக்குள் இப்படி எட்டிப் பார்க்க முடியும் என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அடுத்த தடவை புத்தியாக நடந்துகொண்டாள். மந்தின் டவுன் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு மிட்டாய் போத்தல் வாங்கினாள். ஓடை மணலைக் கழுவிப் பரப்பி, பாசி பிடித்த கல்லொன்றை வைத்து, நீர்ச்செடியை வேரோடு நட்டு, மழைத்தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தெளிந்து செடி பிடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகுதான், பால் வடிய இன்னும் மரத்தில் கட்டாத புது மங்குக் கிண்ணம் ஒன்றில் இறால்களை ஏந்தி வந்து விட்டாள். அவித்த கீரையில் நகத்தளவு போடுவாள், மிஞ்சியதை எடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் தண்ணீர் நாறிப்போகும்.

“சம்பல் வச்சா ஒரு கரண்டி தேறாதுலா. இதுக்கு இத்தன சீராட்டா?” என்றான் புருஷன் சன்னாசி.

ஒரு இறாலின் வயிற்றடியில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. நாளாக ஆக ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கறுப்புப் புள்ளி தெரிந்தது. கண்தான். உள்ளேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அது வெளியே எப்படி வரும்? அதைப் பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், மறுநாள் எல்லா லயத்துக்கும் மலேரியா மருந்து அடிக்கப்போகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டுப் போனார். போன தடவை அடித்தபோது வீட்டிலிருந்த பூச்சி பொட்டு அத்தனையும் மல்லாந்து கிடந்தது. கண்ணாடி உடம்புக்காரி தாங்குவாளா? வேலைக்கு மட்டம் போடவும் வழியில்லை. காலையில் பஞ்சாலை போத்தலையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். கேட்டில் ஆளாளுக்குச் சோதனை. ஒரு பிடி அரிசியோடு வெளியே போனாலும் சிறைதான். அன்றைக்குக் காவலுக்கு நின்றவன் மம்பா ஊரிலிருந்து வந்த முருகையா, ஸ்பெஷல் போலீஸ்.

“என்னாக்கா இது?”

“இறாலு, தம்பி.”

“இறாலு சாப்பாடுதானே. வெளிய போவக் கூடாது.”

“இத யாரு திங்கறது? இது பாக்கறதுக்கு.”

பார்ப்பதற்கென்று ஒரு பொருள் இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதட்டத்தான் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

“வவுத்துல என்னா, கறுப்பு கறுப்பா?”

“கண்ணு. பொரிக்கிற நேரம். உள்ள வச்சா மருந்துல செத்துரும்.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. முருகையா தலையைச் சொறிந்தான். “வெளிய வுட்டா என் வேல போயிரும். இந்த மணல் மூட்ட மறவுல வச்சிட்டுப் போங்க. மருந்தடிக்கிறவங்க இங்க வர மாட்டாங்க.”

“வெயிலு திரும்புனா தள்ளி வைங்க. ஆட்டிராதீங்க,” என்று சொல்லிவிட்டு அரைமனதோடு போனாள். அன்றைக்குக் கத்தி பட்டையோடு நிற்காமல் மரத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. மண்டோரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்கு வந்தாள். முருகையா அவள் முகத்தைப் பார்க்காமல், “பொரிஞ்சிருச்சுக்கா,” என்றான்.

தாயின் வயிறு காலி. செடியிலும் கண்ணாடியிலும் உடைந்த இமைமுடி போலச் சின்னச் சின்னக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பஞ்சாலைக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வயிறும் எரிந்தது. தவம் கிடந்தவள் இவள். பார்த்தவன், நேற்றுவரை இறாலைத் தட்டில் மட்டுமே பார்த்தவன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் குந்தினாள். “எப்படி வந்துச்சு? ஒண்ணொண்ணாவா, மொத்தமாவா?”

“ஒண்ணொண்ணாதான்.”

“தானா வந்துச்சா, ஆத்தாக்காரி தள்ளிவுட்டாளா?”

முருகையா யோசித்தான். துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெல்ல அசைத்துக் காட்டினான். “இப்புடி வீசிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு ஒதை. ஒண்ணு தெறிச்சுப் போயி செடியப் புடிச்சுக்கிச்சு.”

“நீந்திப் போச்சா, வுழுந்துச்சா?”

“அத கவனிக்கலக்கா.”

“அப்புறம் என்னத்தப் பாத்தீங்க தம்பி?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மொதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ணையும் வுடாம.”

மேலதிகாரி சார்ஜன் வருகிறாரா என்று ஒருமுறை பாதையைப் பார்த்துவிட்டு, முருகையா மறுபடியும் கையைக் கவிழ்த்தான்.