நடுங்கியது என் கையல்ல

என் கை நடுங்குகிறதாம். சொன்னது வேறு யாருமில்லை, நான் பெற்ற பிள்ளை மகேஷ்குமார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அது வேறு. சம்பந்தி வீட்டார் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அப்போது சொன்னான்.

"அம்மாவுக்குக் கை நடுங்குது அத்தை. ஸ்டியரிங்கப் பிடிக்க முடியல. இனிமே ஜீப்பத் தொட விடப்போறதில்ல."

அவன் மாமியார் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அத்தனை இலைக்கும் சாம்பார் ஊற்றி முடித்தேன், ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அதைக் கவனிக்க அங்கே ஒருவருக்கும் கண் இல்லை.

நான் சுப்புலட்சுமி. வீடு விருதுநகரில், தோட்டம் காரியாபட்டிக்கு அந்தப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன், ஜீப்பையும் நான்தான் ஓட்டுகிறேன். பழைய ஜீப். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். மழை பெய்தால் அந்தக் கரிசலுக்குள் அதைத் தவிர வேறு எந்த வண்டியும் போகாது. ஜீப் இல்லையென்றால் எனக்குத் தோட்டம் இல்லை. அது மகேஷுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கோ ஜீப்பை விற்றுவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அம்மாவைச் சிவகாசிக்கு அழைத்துவந்து, அவன் அச்சகத்து மாடியிலுள்ள அறையில் டிவி முன்னால் உட்கார வைக்க வேண்டும். இதைப் பாசம் என்று நம்புகிறான் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். ஊரைத் தாண்டியதும் ஒரு ரயில்வே கேட். தண்டவாளத்துக்கு முன்னும் பின்னும் மேடு. அதில் ஏறி இறங்கி வேகம் ஐம்பதைத் தொட்டால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமும் வெறிபிடித்த மாதிரி அடித்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்க உதறும். வேகத்தைக் குறைத்தால் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். ஒருநாள் மகேஷ் பக்கத்தில் இருக்கும்போது அப்படி ஆடியது. அவன் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான்.

"வண்டிதாம்லே ஆடுது" என்றேன்.

"இப்பத்தாம்மா வீல் பேலன்சிங் எல்லாம் பாத்துக் குடுத்தேன்" என்றான்.

மறுவாரம் மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினான். கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டேன். காகிதத்தில் சுருள் சுருளாகக் கோடு போடச் சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அதையும் போட்டேன். "கையில ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல, ரொம்ப அலைய வேணாம்" என்றார். அதில் முதல் பாதி என் மகன் காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஜீப் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வண்டியை விலைக்குப் பார்க்க வருவார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாற்றுச் சாவி உளுந்து டப்பாவுக்குள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என்றைக்குத் தெரிந்துகொண்டான்?

மறுநாள் காலையில் ஜீப்பை மெதுவாக உருட்டி அய்யப்பன் பட்டறையில் நிறுத்தினேன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறவன். விஷயத்தைச் சொன்னேன். அவனும் முதலில் என் கையைத்தான் பார்த்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்" என்று சாவியைக் கொடுத்தேன்.

கேட் மேட்டில் ஏறி இறங்கினான். ஐம்பது வந்தது. ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடியது. முருகா என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினான்.

"என்ன அய்யப்பா, உனக்கும் கை நடுங்குதோ? நல்ல டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போகவா?" என்றேன்.

"மன்னிச்சிருங்கக்கா. இம்புட்டு ஆட்டத்தோட எப்படித்தான் ஓட்டுனீக?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு எத்தனை டீ வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினோம். அப்போதும் ஆடியது. "அப்ப டயர் இல்ல" என்றான். பிரேக் பிடிக்கும்போது ஆட்டம் கூடவில்லை, அதனால் பிரேக்கும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னான். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் மூட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவை இறுக்கமாகவே இருந்தன. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உலுக்கினான். கடக் கடக் என்று சத்தம் வந்தது.

"அக்கா, பிரேக்க நல்லா மிதிச்சுப் பிடிங்க. இப்ப ஆட்டம் நின்னுட்டா சக்கரத்துப் பேரிங். நிக்கலேன்னா கிங்பின்."

மிதித்தேன். மறுபடி உலுக்கினான். கடக் கடக்.

சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சின் முனையில் மேலும் கீழும் ஒரு முளை இருக்கிறது. அதுதான் கிங்பின். அது சுற்றுவதற்கு உள்ளே சின்னப் பேரிங். அதற்கு மேலிருந்த மூடியைக் கழற்றிப் பேரிங்கை வெளியே எடுத்தான் அய்யப்பன். அது தேய்ந்து பள்ளம் விழுந்து கிடந்தது. அது உட்காரும் கிண்ணத்தைத் தட்டி எடுத்தபோது கூடவே வேறு ஏதோ வந்தது. கிரீஸைத் துடைத்தான். வளையமாக வெட்டிய மெல்லிய அலுமினியத் தகடு. அடி வாங்கி அடி வாங்கி ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

"எந்தப் பாவி வேலைக்கா இது? பேரிங்க மாத்தாம, தேஞ்ச அளவுக்கு அடியில தகட்ட வெட்டி முட்டுக் குடுத்திருக்கான். இது மெத்துன்னு இருக்கும், கொஞ்ச நாள்ல நசுங்கிப் போயிரும். பெறகு ஆடாம என்ன செய்யும்?"

அந்தத் தகட்டில் நீலமாக ஏதோ தெரிந்தது. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சுக்குப் போடுகிற பிளேட். சிவகாசியில் ஓட்டி முடித்த பிளேட்டைக் கோழிக்கூண்டுக்குக் கூரை போடுவார்கள், ஓட்டை வாளியை அடைப்பார்கள், ஆடுகிற மேசைக்காலுக்கு மடித்துக் கொடுப்பார்கள். அங்கே எதற்கும் அதுதான் மருந்து. வளையத்தின் ஒரு பக்கம் வாணம் விடுகிற குழந்தையின் பாதி முகம். இன்னொரு பக்கம் பொடி எழுத்தில், பட்டாசு லேபிளின் கீழே எப்போதும் போடுகிற வரி. 'மகேஷ் ஆப்செட், சிவ' என்ற இடத்தில் கத்தரி வெட்டியிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன சீசனில் அவனுடைய வேன் படுத்துவிட்டது என்று பேப்பர் லோடு எடுக்க இந்த ஜீப்பைத்தான் கொண்டுபோனான். திருப்பித் தரும்போது, "சர்வீஸ் எல்லாம் பக்காவாப் பண்ணியிருக்கேம்மா" என்றான். அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம். அவன் என் வண்டியை வைத்துக் காரியம் பார்த்துக்கொள்வான், பழி என் கைக்கு!

மறுபக்கச் சக்கரத்திலும் அதே மாதிரி ஒரு தகடு இருந்தது. இரண்டு பக்கமும் புதுப் பேரிங் போட்டு வியாழக்கிழமை மதியம் வண்டி தயாரானது. இரண்டு தகட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேரே சிவகாசிக்கு விட்டேன்.

அச்சக வாசலில் மாரிக்கண்ணன் நின்றிருந்தான். அங்கே மிஷின் பழுது பார்க்கிற பிட்டர், சூதுவாது தெரியாதவன். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

"நம்ம தகடுதாம்மா! நான்தான் வெட்டி வச்சேன்" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "பேரிங் போயிருச்சு, புதுசுக்கு மதுரைக்குச் சொல்லிவிடணும்னு மொதலாளிகிட்டச் சொன்னேம்மா. அவுகதான், ஓட்டப்போறது எங்கம்மாதான, மெதுவாத்தான் போவாக, அதுக்கு இது போதும்னு..."

தகடுகளை மறுபடி கைக்குட்டையில் முடிந்தேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்துவிட்டு, அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, என்னை மூக்கைத் தொடச் சொல்கிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான்.

மகேஷ் கண்ணாடி அறைக்குள் இருந்தான். அவனுக்குப் பின்னால் அந்தப் பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, ஜீப்பையா எடுத்துட்டு வந்தீங்க? சாவி எங்கிட்டல்ல இருக்கு?"

தகடுகளை மேசைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தான். தன் பெயரைத் தானே படித்தான். முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"சீசன் நேரம்மா. அந்த அவசரத்துல... கொஞ்ச நாளைக்குத் தாங்கும்னு நெனச்சேன். எல்லாரும் செய்யறதுதான்."

"எல்லாரும் செய்யறதா? சரி." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன். "உன் மிஷின்ல பேரிங் தேஞ்சா இந்தத் தகட்ட வெட்டி வைப்பியாலே?"

"அது ஜெர்மன் மிஷின்மா! அதுல போய் யாராவது இதையெல்லாம்..."

அங்கேயே நின்றுவிட்டான். சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டுவிட்டது.

டாக்டர் முன்னால் நீட்டிய மாதிரியே இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் பார்த்தான். பார்த்து முடிக்கும்வரை நீட்டியபடியே நின்றேன். பிறகு வலது கையைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டினேன். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தான்.

"நாளைக்கு வர்ற ஆள வர வேண்டாம்னு சொல்லிரு. உன் மாமியாருக்கும் போன் போட்டு, நடுங்குனது எதுன்னு சொல்லு. இன்னைக்கே சொல்லணும்."

"அம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"தோட்டத்துல மிளகாய் காயுது."

வீட்டுக்குப் போகவில்லை. விருதுநகரைத் தாண்டிக் காரியாபட்டிப் பக்கம் விட்டேன். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வருகிற அழுகைதான், வேறொன்றுமில்லை. ரயில்வே கேட் திறந்திருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.