சேற்றுக் கால்

எனக்கு வாய் நீளம் என்பது திம்புள்ளப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எல்லோருக்கும் தெரியும். நாகலெட்சுமி ஏசினால் அடுத்த மலைவரை கேட்கும் என்பார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறப்பதில்லை என்றிருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த ஜீவராணி போன மழையில், மண்சரிவில் போய்விட்டாள். புருஷனும் இல்லை, சொந்தமும் இல்லை. எட்டு வயது மகள் ஷாமிலா மட்டும் மிச்சம். அன்றிலிருந்து ஒரு வேளைக்கு ஒரு வீடு என்று லயம் முழுக்கச் சாப்பிட்டு வளர்ந்தாள். இப்போது ஆதரவில்லாத பிள்ளைகளைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலகத்து அம்மா வரப்போகிறார். ஏதாவது ஒரு வீடு பொறுப்பேற்க வேண்டும், பிள்ளைக்கும் அது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நுவரெலியாவில் பிள்ளைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

எனக்கு அவள் வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் என் புருஷன் வீரய்யாவுக்குத் தெரியும்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் புள்ளைய ஏசாம இரு. ஆபீசர் அம்மா முன்னாடி நீ ஆடுனா நம்மகிட்ட யாரு புள்ளைய விடுவாங்க?" என்றார்.

நியாயம்தான். பக்கத்து வீட்டுப் பூரணி அவளுக்குத் தினம் முட்டை கொடுப்பாள். கடைசி வீட்டுச் சுதாகரன் புதுக் கவுன் வாங்கித் தந்திருந்தான். நான் கொடுத்ததெல்லாம் ஏச்சு. பேனுக்கு, வீட்டுப்பாடத்துக்கு, ஈரத் தலைக்கு.

காலையில் சேற்றுக் காலோடு உள்ளே வந்து நின்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன். தலைகூடச் சீவவில்லை, அதற்கும் சிரித்து வைத்தேன். பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டது.

மத்தியானம் அந்த அம்மா வந்தார். பிள்ளையைப் பொறுப்பேற்கிறோம் என்று மூன்று வீட்டார் சொன்னோம். எந்த வீட்டில் இருக்க ஆசை என்று ஷாமிலாவிடம் கேட்டார். அவள் என்னையே பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு வீடும் வேண்டாம், இல்லத்துக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு, புதுக் கவுன் கையில் மூக்கைத் துடைத்தாள்.

எத்தனை நேரம்தான் பொறுப்பது?

"ஏண்டி, அந்தக் கவுன யாரு தோய்க்கிறது? காலையில சேத்துக் காலு, சீவாத தலை, இப்ப இல்லத்துக்குப் போறாளாம். போய்த்தான் பாரு, கால ஒடிச்சிருவேன்."

வீரய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். ஷாமிலா ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசர் அம்மா ஏன் என்று கேட்டார்.

"பெரியம்மா காலையிலருந்து என்னைய ஏசவே இல்ல. மத்தவங்க மாதிரி பாவமா பாத்தாங்க. நான் வேணாமாக்கும்னு நெனச்சேன்."

எல்லோர் முன்னாலும் அழுதேன். எழுத்து வேலைகளுக்கு நாளாகும், அதுவரை பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

அன்று சாயங்காலமே ஷாமிலா சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து நின்றாள். வேண்டுமென்றேதான். அடுத்த மலைவரை கேட்கிற மாதிரி ஏசினேன்.