ஏழாவது பிழை

அலமாரியின் மூன்றாவது தட்டையும் கீழே கொட்டியாகிவிட்டது. கணவரின் அடையாள அட்டையைக் காணோம். அதன் நகலைக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் உடலைத் தருவார்களாம். பதினோரு மணிக்கு வண்டி இங்கே வந்து நிற்க வேண்டும். எதைக் கேட்டாலும் "பத்திரமா இருக்கு, என் மண்டைக்குள்ள இருக்கு" என்று சொல்கிற மனுஷன், நேற்று மத்தியானம் பதிப்பகத்து மாடிப்படியில் அந்த மண்டைக்குள்ளேயே ரத்தக்குழாய் வெடித்து விழுந்து, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். காஸ் புத்தகம், கதவின் மாற்றுச் சாவி, இந்த அட்டை எல்லாம் அவரோடு போய்விட்டன.

"நீலச் சட்டை எங்க வெச்சிருக்கே?" உள்ளறையிலிருந்து நாத்தனார் கேட்டார். விடிந்ததிலிருந்து போனில் அழுதுகொண்டே தகவல் சொல்லி, பாதிப் பேருக்கு எடுப்பது மூன்று மணி என்றும் மீதிப் பேருக்கு நாலு மணி என்றும் சொல்லி வைத்திருந்தார்.

"கொடியில பாருங்க அண்ணி."

"ஈரமா இருக்கே!"

"அப்ப வெள்ளைய எடுங்க."

"அதுல பாக்கெட் பூரா சிவப்பு இங்க்."

"அவர் சட்டைல சிவப்பு இங்க் இல்லாதது எது? ஈரத்தையே இஸ்திரி போடுங்க."

அவள் இன்னும் அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை என்பது ஒன்று. கோபம் முந்திக்கொண்டு வந்து நின்றது என்பது இன்னொன்று. ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்று இருபத்தாறு வருஷமாக மருந்தகத்தில் வேலை பார்க்கிறவளிடமே பொய் சொல்லியிருக்கிறார். அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்பது கிடந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் நேற்றைய சீட்டு அப்படியே இருந்தது. அவள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு ஒட்டியிருக்கிறார். 'இன்று மாலை சீக்கிரம் வருகிரேன்.'

'றே' வர வேண்டிய இடத்தில் 'ரே'. தெரியாமல் செய்ததல்ல. பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தியவருக்கு ரகரமா றகரமா என்று சந்தேகம் வருமா? வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துவிட்டு, கண்டுபிடிக்கிறாளா பார்க்கலாம் என்று காத்திருப்பது அவருக்கு ஒரு குஷி. கல்யாணமான மாதமே அவள் சொல்லிவிட்டாள்: "எங்க மருந்தகத்துல நான் சும்மா சோதனைக்குன்னு மாத்திரைய மாத்திக் குடுத்தா எப்படி இருக்கும்? இந்த விளையாட்டுக்கு நான் வரல." இன்றுவரை ஒரு சீட்டையும் திருத்தியதில்லை. அவரும் நிறுத்தவில்லை.

வாசலில் மணி அடித்தது. இரண்டு பெண்கள். கல்லூரிப் பையும் கையில் ஒரு காகிதக் கட்டுமாக நின்றார்கள். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகங்கள்தான். வருஷா வருஷம் இரண்டு மாதம் பதிப்பகத்துக்கு இன்டர்ன்ஷிப் வருகிற மாணவிகள். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வார்த்தைக்கு வார்த்தை தயங்குகிறவள் காற்புள்ளி. எதைச் சொன்னாலும் கூவுகிறவள் வியப்புக்குறி.

"சர்டிஃபிகேட்ல கையெழுத்துன்னா ஆபீஸ்ல கேளுங்கம்மா" என்றாள் அவள்.

"ஐயோ, அது இல்ல ஆன்ட்டி! புத்தகம் பத்தரைக்கு அச்சுக்குப் போகுது! அதுல சார் வெச்ச பிழை இருக்கு!"

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு முழுதும் ஓடியது. "உங்களுக்குமா?"

பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் இதே பாடம்தானாம். அச்சுக்குப் போகப் போகிற நிஜப் புத்தகத்தின் மெய்ப்பில் அவரே சில பிழைகளை நுழைத்துவிடுவார். எத்தனை என்று சொல்ல மாட்டார். எண்ணிக்கை தெரிந்துவிட்டால் கடைசிப் பிழையோடு கண் தூங்கிவிடும் என்பார். கடைசி நாளில் அவரே எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பிவிடுவார். நேற்றுத்தான் அந்தக் கடைசி நாள்.

"ஆறு கண்டுபிடிச்சோம்," என்றாள் காற்புள்ளி மெதுவாக, "ஆனா, மொத்தம் எத்தனைன்னு, தெரியல. சாரோட பாக்கெட் நோட்டுல, எழுதியிருப்பாரு."

"இயக்குநர்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்த மாதிரி செய்யக் கூடாதுன்னு இயக்குநர் போன வருஷமே சாரைத் திட்டியிருக்காரு ஆன்ட்டி! இன்னிக்குப் போய்ச் சொன்னா, சார் பேரு..." வியப்புக்குறிக்கு முதல் தடவையாகக் குரல் இறங்கியது.

போயும் போயும் இன்றைக்கு. சாவு வீட்டில் வந்து நின்றுகொண்டு பிழையை எண்ணித் தரச் சொல்கிறார்கள். அவர் இருந்திருந்தால் அவரை நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை மேஜையில் முடிச்சு அவிழ்க்காமல் கிடந்தது. அவிழ்த்தாள். கடிகாரம், மூக்குக் கண்ணாடி, சிவப்புப் பேனா, நோட்டு. நோட்டின் அட்டை உறைக்குள் அடையாள அட்டை சொருகியிருந்தது. காலையிலிருந்து வீட்டையே கவிழ்த்துத் தேடியது! அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்து ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'முதலுதவிக் கையேடு' என்று எழுதி, எதிரே '7' என்று போட்டிருந்தது. எந்தப் பக்கம், எந்த வரி, ஒன்றும் இல்லை. அது மண்டைக்குள்.

"புத்தகத்த எழுதின டாக்டரோட கைப்பிரதிய வெச்சு ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு ஆன்ட்டி! நாலு பக்கம் மட்டும் டாக்டர் போன்லயே மாத்திச் சொன்னாரு, சார் நேரா ஏத்திட்டாரு. அதுக்கு மூலமே இல்ல. டாக்டர் இப்ப ஃப்ளைட்ல இருக்காரு!"

"அந்த நாலு பக்கத்துல, எழுத்துப் பிழை, ஒண்ணுகூட இல்ல," என்றாள் காற்புள்ளி. "பத்து தடவை, படிச்சுட்டோம்."

"குடு இங்க."

சமையலறை மேஜையில் பக்கங்களைப் பரப்பி, அவருடைய சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டைப் படிக்கிற கண் அவளுடையது. எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்காது, என்ன சொல்கிறது என்று பார்க்கும். நாத்தனார் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"என்ன இது? இப்ப உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்துற நேரமா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எதையாவது நினைக்கட்டும். மூணு மணியா நாலு மணியான்னு தெரியாம பாதிப் பேரு வரவே போறதில்ல."

தீக்காயம் சரி. எலும்பு முறிவு சரி. மயக்கம் சரி. நாலாவது பக்கத்தில் பேனா நின்றது.

'மூக்கிலிருந்து ரத்தம் வந்தால், மாணவரை உட்காரவைத்து, தலையைப் பின்பக்கம் சாய்த்து, மூக்கின் மெல்லிய பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.'

"பின்பக்கமா?" என்றாள்.

"அப்படித்தானே ஆன்ட்டி? எங்க வீட்ல அப்படித்தான் செய்வாங்க!"

"எல்லார் வீட்லயும் அப்படித்தான் செய்யறாங்க. தப்பு. ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கும். முன்னால குனிய வைக்கணும்." பேச்சு அதோடு நிற்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் போற புத்தகம்! இதுலயா விளையாட்டு? அச்சாகி வந்திருந்தா யாரு பதில் சொல்றது? கேக்கறேன்ல, யாரு?" உள்ளறையைப் பார்த்துக் கத்தினாள். அங்கே யாரும் இல்லை. நாத்தனார் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

கத்தி முடித்த பிறகுதான் அந்தப் பேருந்து ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. அவருக்குத் திடீரென்று மூக்கில் ரத்தம். அண்ணாந்து உட்கார்ந்தவரின் பிடரியைப் பிடித்து முன்னால் அழுத்தி, பத்து நிமிடம் மூக்கைப் பிடித்தபடியே பயணம் செய்தாள். "என் பொண்டாட்டி என் குடுமியப் பிடிக்கல, மூக்கையே பிடிச்சிட்டா" என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

'பின்பக்கம்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'முன்பக்கம்' என்று எழுதிக் கொடுத்தாள். வியப்புக்குறி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். காற்புள்ளி வாசலில் தயங்கினாள்.

"ஆன்ட்டி நேத்து காலைல சார் சொன்னாரு. ஒரு பிழை உங்களால பிடிக்க முடியாது. சாயந்தரம் ஒரு ஆள்கிட்ட காட்டப் போறேன். அந்த ஆள் கண்டிப்பாப் பிடிச்சிடும். அப்புறம் எனக்கு நல்லா டோஸ் விழும்னு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

ஒரு காற்புள்ளிகூட இல்லாமல் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் அழுதாள். அவள் அதன் தோளைத் தொட்டு, "போம்மா, நேரமாச்சு" என்றாள்.

பத்தே முக்காலுக்கு இயக்குநர் போன் செய்தார். "இந்த நேரத்துல சொல்றேனேன்னு நினைக்காதீங்கம்மா. அவரோட கடைசிப் புத்தகமும் சுத்தமா அச்சுக்குப் போயிடுச்சு. முப்பது வருஷம், ஒரு பிழை விட்டதில்ல மனுஷன்."

"ஆமாங்க சார்."

போனை வைத்தாள். சிவப்புப் பேனா இன்னும் கையில்தான் இருந்தது. தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. "வந்துட்டான், என் தம்பி வந்துட்டான்" என்று நாத்தனார் வாசலுக்கு ஓடினார்.

அவள் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். 'ரே'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஓரத்தில் 'றே' என்று எழுதினாள். மிச்ச வாக்கியத்தை ஒரு தடவை படித்துப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டாள்.

பேனாவை மூடிவிட்டு வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைக்கப் போனாள்.