மூன்றாவது விதிப்படி கழற்றிய பூட்ஸ்

1

இந்தக் கதை கதவில் ஒட்டிய ஒரு தாளிலிருந்து வந்தது. மலேசியாவின் கெடாவில் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், வம்பு), அதன் கணினிக்கூடம், பதினோரு விதிகள். மூன்றாவது: காலணியை வெளியே கழற்றவும். ஒன்பதாவது: வெளியாட்களுக்கு அனுமதியில்லை, அழைத்து வரும் மாணவருக்கு அந்த செமஸ்டர் முழுக்கக் கூடம் கிடையாது. இவ்வளவு கச்சிதமாக எண் போட்டதைப் பார்த்தால் கதைக்கும் எண் போடத்தான் தோன்றுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘செம்பனை மரங்களின் மேல் மாலை வெயில் பொன்னாய்...’

வேண்டாம். பீடோங் பக்கம் நாலரை மணி வெயில் மண்டையைப் பிளக்கும்.

இரண்டாவது: ‘கூடத்துப் பொறுப்பாளர் தர்மலிங்கம் நாலே முக்காலுக்கு வந்தபோது, வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன.’

இது பரவாயில்லை. தர்மலிங்கம் உள்ளே எட்டிப் பார்க்கிற ஆளில்லை. செருப்பை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவார். மாணவர்களோ செருப்பை உதறிவிட்டு ஓடுகிறவர்கள். [எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட வரிசையாக இருந்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பது பிறகு.] இன்று யாரோ எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து அடுக்கி, கடைசியில் தன் மஞ்சள் ரப்பர் பூட்ஸையும் வைத்திருந்தார்கள். அதில் தோட்டத்து மண்.

தர்மலிங்கம் கதவைத் திறந்தார்.

3

பூட்ஸுக்குச் சொந்தக்காரர் பிரேமாவதி. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். மூத்த மகள் காஞ்சனா இங்கே இறுதியாண்டு மாணவி. இளையவள் சாந்தினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. இணையத்தில் மேல்முறையீடு செய்ய இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடும். [சாந்தினியைக் கதைக்குள் கொண்டுவர மாட்டேன். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.]

“யாரு இது?” என்றார் தர்மலிங்கம்.

“எங்கம்மா, அண்ணே. தங்கச்சி சர்ட்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணணும். ஒரிஜினலாம், கையவிட்டுத் தரவே மாட்டேங்கறாங்க லா. பத்தே நிமிஷம்!”

பிரேமாவதி எழுந்து நின்றார். “பூட்ஸ வெளியதான் கழட்டிட்டு வந்தேன், தம்பி.”

கழற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரார் செருப்பையெல்லாம் அடுக்கியதில்தான் மாட்டிக்கொண்டார்.

4

தர்மலிங்கம் எப்படிப்பட்டவர் என்று என்னால் முடிவுகட்ட முடியவில்லை.

முடிவு அ: கண்டும் காணாமல் போகிறார். சாந்தினிக்கு இடம் கிடைக்கிறது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள்.

முடிவு ஆ: ஸ்கேனர் பழுது. யார்மேலும் குற்றமில்லை. (கோழைத்தனம்.)

முடிவு இ: “பெராத்துரான் பெராத்துரான்தாம்மா” என்று மலாயில் விதியைக் காட்டி வெளியே அனுப்புகிறார். பிரேமாவதி வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டே, “மன்னிச்சிக்க தம்பி, பிள்ளய ஒண்ணும் பண்ணிராத” என்கிறார்.

மூன்றில் இதற்கு மட்டும்தான் நான் வசனம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

5

என் பெயர் தர்மலிங்கம் இல்லை. ஆனால் எட்டு வருடம் அந்தச் செருப்புகளை எண்ணியவன் நான். ஒன்பதாவது விதியைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். வெட்கமாக...

அதை விடுங்கள். நான் எழுதினால் மறுபடியும் இ-தான் வரும். அதனால் இந்த முறை தர்மலிங்கத்துக்குப் பதில் நீங்கள் உள்ளே போங்கள். மணி நாலு ஐம்பத்திரண்டு. பிரேமாவதி சர்ட்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். காஞ்சனா உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். என்ன சொல்வதென்று உங்களுக்குத் தெரியும்.

செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் போங்கள். அந்தம்மா அடுக்கிய வரிசையைக் கலைத்துவிடாதீர்கள்.