நீலத்துக்குச் சிவப்பு லேபிள்

ஃபிரெடிக்குச் செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வந்து இறங்கும் மூலப்பொருள் பீப்பாய்களைச் சோதித்து, தேறினால் பச்சை லேபிள், தேறாவிட்டால் சிவப்பு லேபிள். சிவப்பு ஒட்டிவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்தப் பீப்பாய் உள்ளே போகாது. மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே. ஆனால் அந்த இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு லேபிள் சுருளை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வினை.

வீட்டில் கையடக்க கேம் கருவி ஒன்று இருந்தது. இரு பக்கமும் மாட்டியிருக்கும் குட்டிக் கண்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, திரையைச் சாப்பாட்டு மேஜையில் நிற்கவைத்து, கட்டைவிரலால் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிக் கணவனும் மனைவியும் கார்ப் பந்தயம் விடுவார்கள். நீலம் ஃபிரெடிக்கு, மஞ்சள் பெர்சிஸுக்கு. வாங்கின வாரமே வரிசையாகத் தோற்ற ஃபிரெடி, விருட்டென்று எழுந்துபோய் நீலத்தின் முதுகில் சிவப்பு லேபிளை ஒட்டினார்.

"ஸ்டிக் தானா இழுக்குது பெர்சி. ரிஜெக்டட்."

மஞ்சளுக்குப் பச்சை ஒட்டினார். அன்றிலிருந்து அவருடைய தோல்வியெல்லாம் நீலத்தின் தலையில் விழுந்தது.

இந்த வருடம் வம்பு பெரிதாகிவிட்டது. கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸில் முகமூடி மாட்டி, வயிற்றில் தலையணை கட்டி, தெருத்தெருவாக ஆடுகிற கிறிஸ்மஸ் தாத்தா இந்த முறை இவர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று சர்ச் வாலிபர் சங்கச் செயலாளர் மோசஸ் சொல்லிவிட்டார். புருஷனா பெண்டாட்டியா என்பது அவர்கள் பாடு. பந்தயத்தில் தோற்றவர் ஆட வேண்டும் என்று வீட்டில் முடிவானது. ஃபிரெடிக்கு ஆட வராது. அதைவிட, கேரல் வண்டி நிற்கும் இடங்களில் ஒன்று அவருடைய மேனேஜர் சௌந்தரராஜனின் அபார்ட்மெண்ட் வாசல். முகமூடிக்குள் இருந்தாலும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் அந்த மனுஷன்.

"ரிப்பேர் கண்ட்ரோலரை வெச்சுக்கிட்டுப் பந்தயமா? புதுசு வாங்கின பிறகு பாத்துக்கலாம்," என்றார் ஃபிரெடி. எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு லாபம் அவருக்கு.

"இன்னைக்கே வாங்கலாம், கெளம்புங்க," என்றாள் பெர்சிஸ், கேம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டே.

செகந்திராபாத்தில் நஸ்ரின் நடத்தும் கடை, மொபைல் கவர் தோரணங்களுக்குள் ஒளிந்திருக்கும். ஆம்பூர்ப் பெண். தமிழும் தக்கணி உருதுவும் ஒரே மூச்சில் வரும். முதலில் கம்பெனி ஜோடியைக் காட்டினாள். விலையைக் கேட்ட ஃபிரெடி அதைத் தூங்குகிற குழந்தையைப் போலப் பதமாகக் கீழே வைத்தார். அடுத்து மலிவானது. காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கடகடத்தது. ரிஜெக்டட். மூன்றாவது கைக்கு அடக்கமாகக் குண்டாக இருந்தது. ஆனால் அதைக் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்து ஆட முடியாதாம், திரையோடு மாட்டினால்தான் வேலை செய்யுமாம். நான்காவதில் பேட்ச் நம்பர் இல்லை என்றார்.

"கண்ட்ரோலருக்கு எதுக்குண்ணா பேட்ச் நம்பர், கைக்கு?" நஸ்ரின் சிரித்தாள். "உங்களுக்கு ஒரு பக்கம்தானே போச்சு? ஜோடி நக்கோ, வேணாம். வேற கம்பெனியில ஒத்தையாவே நல்லது இருக்கு, விலையும் கம்மி. முதல்ல பழசைக் குடுங்க, பாப்போம்."

ஸ்டிக்கைச் சோதிக்கும் திரையைத் திறந்து, நீலத்தை மாட்டினாள். வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. ஸ்டிக்கைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தாள். புள்ளி சமர்த்தாக நடுவுக்குத் திரும்பி நின்றது.

"இது சூப்பரா இருக்கேண்ணா!"

பிறகு மஞ்சளை மாட்டினாள். யாரும் தொடவில்லை. புள்ளி தானாக வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனது.

ஃபிரெடி திரையையே பார்த்தார். சோதிக்காமல் லேபிள் ஒட்டுகிறவனை அவரே ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார். நிஜமாகவே அவமானமாக இருந்தது.

"பெர்சி, இது உனக்குத் தெரியுமா?"

"ஹவ், தெரியும். ரொம்ப நாளா இழுக்குது. நான் இடது பக்கம் அமுக்கிப் பிடிச்சே ஓட்டிப்பேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"பச்சை ஒட்டினது நீங்க. அதோட, உங்க சிவப்பு லேபிளும் பொய்னு ஆயிட்டா அப்புறம் எதைச் சொல்லிட்டு நிம்மதியா தூங்குவீங்க?"

ஃபிரெடி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஓட்டை வண்டியிலேயே இவ்வளவு நாள் ஜெயித்தவள், நல்லது கிடைத்தால் என்ன ஆவாள்? மஞ்சளே இருக்கட்டும், காசு மிச்சம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கட்டைவிரலைப் பார்த்தார். நுனியில் தடித்துப்போயிருந்தது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை.

"அந்த ஒத்தையைக் குடும்மா. இவளுக்கு," என்றார். தன்னை ஆடவைக்கப் போகிற சாமானுக்குத் தானே காசு கொடுத்துவிட்டு, வாரண்டி எவ்வளவு என்று வேறு கேட்டுக்கொண்டார்.

"இங்கேயே ஓட்டிடலாம். இதுதான் ஃபைனல்," என்றாள் பெர்சிஸ்.

கவுண்டரில் திரையை நிறுத்தினார்கள். கார்கள் புறப்பட்டன. பெர்சிஸின் கார் இடது பக்கச் சுவரில் போய் மோதியது. திருப்பினாள், மறுபடியும் அதே சுவர். புதுக் கண்ட்ரோலர் நேராகத்தான் இருந்தது. கட்டைவிரல்தான் பழைய பழக்கத்தில் இடது பக்கம் அமுக்கிக்கொண்டே இருந்தது. ஃபிரெடியின் கார் ஆடி அசைந்து, எதிர்ப்பே இல்லாமல் கோட்டைத் தாண்டியது.

ஒரு நொடி அவர் நம்பவில்லை. பிறகு ஆடினார். இடுப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். மொபைல் கவர்கள் உதிர்ந்தன. நஸ்ரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் நின்று கைதட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் ஒரு சுற்று ஆடினார்.

மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது பெர்சிஸ் அந்த ஆட்டத்தை வீடியோ எடுத்து மோசஸுக்கு அனுப்பிவிட்டுப் போனை இறக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நிமிடமே அதிலிருந்து மோசஸின் குரல் வந்தது: "சிஸ்டர், அருமை! தாத்தா கிடைச்சிட்டார். ரிகர்சலே வேணாம்!"

"நான்தானே ஜெயிச்சேன்!" என்று அலறினார் ஃபிரெடி.

"யாரு இல்லைன்னாங்க? தோத்த நான் கூடவே ஆடறேன், போதுமா? ஆனா தாத்தா நீங்கதான்."

பெர்சிஸ் மஞ்சள் கண்ட்ரோலரிலிருந்து பச்சை லேபிளைப் பக்குவமாக உரித்து, அவர் சட்டைப் பையின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் ஒட்றேன்," என்றாள்.