அவளைத் தாமதமாக்க முடியவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மருந்துக்கடை வரிசை. முன்னால் நின்ற பெண் திரும்பி, நான் இன்னாருடைய கணவன்தானே என்று கேட்டார். என் மனைவி பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். இவர் அங்கே இரவு நர்ஸ். காலையில் என் மனைவி போனால்தான் இவர் வீடு திரும்பலாம். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மாத்திரை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பணியிடத்தில் நேரம் தவறாமை என்பது ஒரு சிறந்த'

(வேண்டாம். அலுவலகச் சுவரில் மாட்டுகிற வாசகம். மாட்டியவரே படித்திருக்க மாட்டார்.)

இரண்டாவது: 'அன்று விடிகாலை ஒரு குழந்தையின் மூச்சுக் கருவி பழுதானது.' இது இருக்கட்டும்.

மாற்றுக் கருவி வரவில்லை. இரவு நர்ஸ் ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமுக்கினால் அந்தக் கையகல மார்பு எழும்பும், விட்டால் தாழும். மற்றவர்கள் அடுத்த தொட்டிலில் இன்னொரு குழந்தையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். இவர் விரல்கள் மரத்துப்போயின. கை தாங்குமா என்று டாக்டர் கேட்டார்.

"எட்டு மணியாகப் போகுது டாக்டர். அவ வந்துருவா."

3

கதை என்றால் இங்கே ஒரு தாமதம் வேண்டும். பஸ்ஸைப் பழுதாக்கினேன். அவள் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள். மழையைக் கொட்டவிட்டேன், குடையோடு போனாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்று கணவனைக் கேட்கவைத்தேன். (கணவன் நான் இல்லை. சரி, நான்தான்.) நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று செருப்பை மாட்டிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் படியில் எண்ணெய் கொட்டினேன். 'அவள் கால்'

அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. இவளை இங்கே விழவைத்தால் அங்கே ஒரு கை ஓய்ந்துவிடும். கதை எழுதப் பயந்தது எனக்கு அதுதான் முதல்முறை.

4

நடந்தது இவ்வளவுதான். எட்டு மணிக்கு வந்தாள். கை கழுவினாள். மரத்துப்போன கையின்மேல் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் சேர்ந்தே மூச்சுக் கொடுத்தன. பிறகு அடியிலிருந்த கை மெல்ல நழுவி வெளியே வந்தது. ஆள் மாறியதே குழந்தைக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கதவை நீதான் திறந்துவிடணுமா என்று தினமும் கிண்டல் செய்யும் என் வீட்டிலிருந்துதான் அவள் கிளம்பிப் போயிருக்கிறாள். வந்து இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்றுமே நடக்காமல் போன அந்த எட்டு மணிக்கு ஈடாக ஒரு சம்பவத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

5

குழந்தை பிழைத்ததா என்று அவளிடம் கேட்டேன்.

"சாயந்தரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டியில ஏத்தறப்போ மூச்சு இருந்துச்சு. அதுக்கப்புறம் அங்க இருக்கறவங்க பாத்துப்பாங்க."

பிழைத்தது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். தெரியாததை எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள், காலையில் வேலை இருக்கிறதாம்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. என் முறை இந்த வரியோடு முடிகிறது. குழந்தை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் வந்துவிட்டீர்கள் அல்லவா?