உள்ளவனோ, போயவனோ

கொல்லத்தில் பஸ் மாறி ஏறிய பிறகும் என் மாமியார் ஒச்சம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறும்போது, "குடைய எடுத்தியாடி மாயி?" என்று கேட்டதோடு சரி. வருஷா வருஷம் ஆடி கழிந்ததும் இதே கூத்து. ஆலப்புழை வரை போட், அப்புறம் பஸ், இன்னொரு பஸ், அதற்கப்புறம் செம்பாறை மேட்டில் மண்டையைப் பிளக்கும் வெயிலில் நடை. மேட்டுக்கு அடியில், கடல் குடைந்துவைத்த குகைக்குள் இருக்கிறாள் அளையம்மை. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் வீட்டுப் பெண்கள் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என் புருஷன் அழகர் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். தோள் தேய்ந்தது போதும் என்று சொல்லி உரு என்கிற பாய்மரக் கப்பல் ஒன்றில் சமையல்காரனாக ஏறினான். மங்களூர் போகும் வழியில் காற்றில் சிக்கி அந்த உரு உடைந்தது. சிலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள், சிலர் பிணமாக ஒதுங்கினார்கள். அழகர் இரண்டிலும் இல்லை. கல்யாணமான புதுசு, வீட்டில் மஞ்சள் வாசனைகூடப் போகவில்லை. நாலு வருஷமாக நானும் மாமியாரும் அதே கிடங்கில் சுக்கு புடைத்துப் பொறுக்குகிறோம். சுக்கில் பூசிய சுண்ணாம்புத் தூசியில் கண் எரிய எரிய, பக்கத்தில் உட்கார்ந்து அவள் "எம்மவன் வந்துருவான்" என்று சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாருக்கு வேண்டும் இந்தப் பிழைப்பு?

உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஆட்களிடம், தாலியை அறுத்துவிட்டு வேறொருத்தனைக் கட்டும் வழக்கம் உண்டு. ஆனால் பெற்றவள் தன் வாயால் மகன் போய்விட்டான் என்று சொல்லி, மருமகளின் தாலியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிடங்கில் தராசு பிடிக்கும் சங்கிலிப்பாண்டி என்னைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. தங்கமான மனுஷன். இந்த ஆவணி முடிவதற்குள் உசிலம்பட்டிக்குப் போகிறான். நான் சரி என்றால் என்னோடு. இல்லையென்றால் போய் அத்தை மகளைக் கட்டிக்கொள்வான். அவனும் எத்தனை நாள்தான் வாசலில் நிற்பான்?

அந்தச் செய்தியைக் கொண்டுவந்ததும் சங்கிலிதான். பங்குனியில் சரக்கோடு மங்களூருக்குப் போனவன், அங்கே ஓட்டுக் கம்பெனி வாசலில் அழகரைப் பார்த்திருக்கிறான். தோளில் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பொம்பளை. ஊரில் சொல்லாதே என்று கும்பிட்டானாம். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பாவி, செத்தே தொலைந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. மாமியாரிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் என்ன செய்வாள்? மகன் உயிரோடிருக்கிறான் என்று ஆனந்தப்படுவாள். மங்களூருக்கு ஓடி, அவனைப் பிடித்து இழுத்துவந்து, என் பக்கத்தில் உட்காரவைப்பாள். ஊரும் கூடி, பொறுத்துப் போ தாயி என்று எனக்குத்தான் புத்தி சொல்லும். அதற்கு நான் கடலில் விழலாம்.

மேட்டில் பூஜைச் சாமான் விற்கும் கமலாக்ஷி ஒவ்வொரு வருஷமும் அளையம்மையின் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். மீன்பிடிக்கிற முக்குவன் ஒருத்தனின் பெண்டாட்டி காத்துக் காத்துச் சலித்துப்போய், போனவனுக்கு வைக்கிற இலையை வைத்துவிட்டாளாம். மூன்றாம் நாள் அவன் வள்ளம் கண்ணுக்கு எதிரே வந்து, கரையைத் தொடுகிற நேரத்தில் பிளந்ததாம். அவள் இந்தக் குகைக்குள் போனாள், திரும்பவில்லை. "உள்ளவனுக்குப் போயவன் இல வெச்சா, பின்னே அவன் கர காணூல்லா அம்மே," என்று கமலாக்ஷி சொல்லிக்கொண்டே தேங்காயை எடுத்து நீட்டினாள். உயிரோடிருப்பவனுக்குச் செத்தவன் இலையை வைத்தால் அவன் பிறகு கரை காணமாட்டானாம். இருப்பவனுக்கு உரிக்காத முழுத் தேங்காய். போனவனுக்கு வாழையிலையில் பச்சரிசியும் எள்ளும், அவன் உடுத்திய துணியில் ஒரு கிழிசலும். இலையும் அரிசியும் எள்ளும் பூசாரியிடமே இருக்கும். துணியை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

மாமியார் எப்போதும்போலத் தேங்காயை வாங்கி என் கையில் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இந்தத் தடவை நானே முந்திக்கொண்டு 'போயவன்' என்று சொல்லிவிடுவதென்றுதான், அவன் சட்டைக் கிழிசல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். சாமி முன்னால் மனைவி சொன்னதை அதற்கப்புறம் யாரால் மாற்ற முடியும்? பொய்தான். சாபமும்தான். பலித்தால் பலிக்கட்டும், என்னை இப்படி உட்காரவைத்தவனுக்கு நான் என்ன கரிசனப்படுவது?

குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வரை தண்ணீர், ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கியது. வௌவால் நாற்றமும் எண்ணெய்ச் சிக்கும் மூக்கில் ஏறின. மேலே ஒரு பிளவில், குங்குமம் அப்பிய கல்லாக அம்மை இருந்தாள். எங்களுக்கு முன்னால் வந்தவள், கைக்குழந்தையோடு நின்ற ஒரு சின்னப்பெண், தேங்காய் வைத்துவிட்டு வெளியே போனாள். பூசாரி எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ளவனோ, போயவனோ?"

வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. ஒரு சொல்தானே, சொல்லித் தொலையேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"போயவன்."

ஒச்சம்மாள்தான். மடியிலிருந்து அழகரின் பழைய கைலித் துண்டை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினாள். அவர் இலையை விரித்து, அரிசியையும் எள்ளையும் போட்டு, துண்டை மேலே வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"அத்தை! என்ன சொன்னீக?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அவரு..."

"மங்களூர்ல இருக்கான். எனக்கென்ன தெரியாதா?" அவள் குரல் சுக்குக்கு விலை சொல்வதுபோல இருந்தது. "போன வருசமே உருக்காரன் ஒருத்தன் சொன்னான். ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டாவது போடான்னு சொல்லிவிட்டேன். என்னா பதில் வந்துச்சு தெரியுமா? நான் செத்துட்டேன்னு எங்காத்தாள நெனச்சுக்கிறச் சொல்லுன்னானாம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். இத்தனை நாள் நான் வேண்டியது இதுதான். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை. இவள் என்னைப்போல வெறும் ஆத்திரத்தில் பேசுகிறவள் இல்லை. அளையம்மை கதையை ஒரு எழுத்துவிடாமல் நம்புகிறவள்.

"வேணாம் அத்தை. தேங்காயவே வெச்சுருவோம். எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஒனக்காக இல்லடி. அவன் கேட்டு நான் எதையும் இல்லன்னு சொன்னதே இல்ல. இதையும் கேட்டுட்டான்."

கையை உதறிக்கொண்டு இலையைத் தண்ணீரில் விட்டாள். அது சுழன்று வாசல் வெளிச்சம் வரை போயிற்று. வந்த அலை அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அவள் முழங்காலில் சேர்த்தது. அரிசி கொஞ்சம் சிதறியது. துண்டு இலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் இலையை மெதுவாகத் தள்ளினாள். "போ," என்றாள். மறுபடியும் அது திரும்பி வந்தது.

"போடா. போன்னு சொல்றேன்ல."

இடுப்புத் தண்ணீருக்கு இறங்கிவிட்டாள். நான் தேங்காயைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். அவள் முந்தானை மட்டும்தான் என் கையில் அகப்பட்டது. எனக்கு முன்னால், நெஞ்சு நனைய நனைய, அவள் இலையைத் தள்ளிக்கொண்டே வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.